கருஞ்சிறகன் தன் பேரைச் சொல்வதில்லை

பேரை மட்டும் சொல்லிவிட்டால் போதும். அ ஆ வேண்டாம், ஒண்ணு ரெண்டு வேண்டாம், பூ பேர் பழம் பேர் எதுவும் வேண்டாம், போன வருஷமே பெரிய டீச்சர் சொல்லிவிட்டார், பிள்ளை தன் பேரைத் தன் வாயால் சொல்லட்டும், அன்றைக்கே சேர்த்துக்கொள்கிறேன் என்று. யோகஸ்ரீ. நாக்கை எங்கேயும் மடக்க வேண்டாத பேர். காலையில் தலை சீவும்போதுகூடச் சொல்லிக் கொடுத்தேன், உம் பேரு என்ன, யோகஸ்ரீ, உம் பேரு என்ன, யோகஸ்ரீ, கேள்வியும் நானே பதிலும் நானே, அவள் கண்ணாடியில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்பன் கட்டி முடித்ததும் கண்ணாடிக்குள் இருக்கிற என்னைப் பார்த்துச் சொன்னாள், "நகரம் உறங்கட்டும். நான் விழித்திருக்கிறேன்." ஒரு எழுத்து தேயாமல், மேடையில் பேசுகிறவர்கள் மாதிரி. அடுப்படியில் இருந்து அத்தை தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. இப்போது பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், யோகு என்மேல் சாய்ந்து முந்தானையை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், திரும்பச் சுற்றுகிறாள். பெரிய டீச்சர் அறைக்குள் யாரோ ஒரு பிள்ளை பாட்டுச் சொல்கிறது. அது முடிந்து எங்கள் பக்கத்தில் இருக்கிற பெண் போவாள், அப்புறம் நாங்கள். இன்றைக்கும் சேர்க்கவில்லை என்றால் மாமா ஏற்பாடு பண்ணிவிட்டார். "திங்கக்கிழமை விருதுநகர்ல கொண்டுபோய் விட்டுருவோம்த்தா, அங்க இந்த மாதிரிப் பிள்ளைகளத் தங்க வச்சுப் பாக்காக, மாசம் ஒருக்காப் போயிப் பாத்துக்கிடலாம்." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயம், கோபமாகச் சொன்னால் ஆறிவிடும். யோகுவின் அப்பா, இவர்கள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள், வாயில் வைக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. நானும்தான் சொல்லவில்லை. நான் எப்போது சொல்லியிருக்கிறேன்.

இந்த மாதிரிப் பிள்ளை என்றால் எந்த மாதிரி. ஊமை இல்லை. செவிடு இல்லை. மதுரை டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது, நீங்கள் நிறையப் பேசுங்கள் என்றார். என்னைப் பார்த்து. என்னைப் பார்த்து நிறையப் பேசச் சொன்னார். அஞ்சாப்பில் சார் என்னை எழுப்பிவிட்டுப் பாடத்தை வாசி என்றபோது எழுத்தெல்லாம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, தொண்டைக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி நின்றேன், அன்றைக்கோடு பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டிலும் யாரும் போ என்று சொல்லவில்லை. கல்யாணம் ஆகி வந்த பிறகும் அத்தை கேட்டால் ம், மாமா கேட்டால் தலையாட்டு, அதிலேயே நாள் போய்விட்டது. யோகு பிறந்து ஆளில்லாத மத்தியானங்களில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், என்ன பேசுவது என்று தெரியாது. மற்றவர்கள் எப்படித்தான் பிள்ளையோடு பேசுகிறார்களோ, அதற்கு ஒன்றும் புரியாது என்று தெரிந்தும் எங்கேயிருந்துதான் வார்த்தை வருகிறதோ. அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். இவர்களுக்கு அச்சாபீஸில் மிஷினில் வேலை. காமிக்ஸ் புத்தகம் ஓடும்போது மை சரியாக விழுகிறதா என்று முதலில் கொஞ்சம் தாள் ஓட்டிப் பார்ப்பார்கள், அது கழிவு, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சுண்ணாம்பு உதிராமல் இருக்கச் சுவரில் ஒட்டினார்கள், அரிசிப் பானைக்கு அடியில் போட்டார்கள், பிள்ளைக்கு விரித்தார்கள். எங்கே திரும்பினாலும் கருஞ்சிறகன். கறுப்பு இறக்கையும் முகமூடியும் போட்டுக்கொண்டு பறப்பான், உதைப்பான், உதை வாங்குவான். அவன் வாயில் இருந்து வெள்ளை வட்டம் வட்டமாக வரும், அதற்குள் அவன் பேசுகிறது. கொஞ்சம் எழுத்துதான். மூச்சு முட்டுவதற்குள் முடிந்துவிடும். நான் வாசித்தேன். சத்தமாக வாசித்தேன். "வெளிச்சம் வரும்வரை என் சிறகுக்குள் இரு, குழந்தாய்!" யோகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் குரல் அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது அவளுக்குத் தூக்கம் வந்தால் அந்த வரியைத்தான் சொல்வாள். வெளிச்சம் வரும்வரை என் சிறகுக்குள் இரு. தண்ணீர் வேண்டும் என்றால் "இந்த வாளின் தாகம் இன்னும் தீரவில்லை!" கூட்டமாக ஆட்கள் வந்துவிட்டால் என் காலைக் கட்டிக்கொண்டு "விலகி நில்லுங்கள்! கட்டடம் சரிகிறது!" உப்புமா வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு "இவ்வளவுதானா உன் பலம்?" அதற்கு மட்டும் இவர்களும் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். எனக்கு ஒவ்வொன்றும் தெரியும். அத்தைக்குத் தெரியாது. "சும்மா இருந்தாலாவது ஊமைன்னு விட்டுருவேன், இது என்ன சாமி வந்த மாதிரி" என்பாள், ஒருநாள் பேயோட்டுகிற கோடாங்கிக்காரரைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், அவர் வேப்பிலையை ஓங்கினதும் யோகு அண்ணாந்து பார்த்து, "உன் மந்திரம் என்னிடம் பலிக்காது, கிழவா!" என்றாள். அவர் காசு வாங்காமல் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்த வரியும் சுவரில் இருக்கிறது, கதவுக்குப் பின்னால், தலைகீழாக. ஒரு பெரிய தாளில் பாதிப் பக்கம் நேராகவும் பாதிப் பக்கம் தலைகீழாகவும்தான் அடிப்பார்களாம், எனக்கு அது தெரியாது, ரொம்ப நாள் அவன் பறக்கிறவன்தானே, அதனால்தான் தலைகீழாக நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் யோகுவும் தாளைத் தரையில் போட்டு இந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்துக் கொஞ்சம் வாசிப்போம், எழுந்து அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்து மிச்சத்தை வாசிப்போம். ஒருநாள் இவர்களிடம் மெதுவாகக் கேட்டேன், "இவன் முதல்ல செத்துப் போறான், அப்புறம் டீ குடிக்கான், அது எப்பிடி?" இவர்கள் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏ கிறுக்கு, தாளை மடிக்கணும் புள்ள. மடிச்சு, வெட்டி, தைச்சாத்தான் ஒண்ணுக்கு அடுத்து ரெண்டு வரும். நீ விரிச்சுப் போட்டுப் படிச்சா அவன் சாகத்தான் செய்வான், டீயும் குடிப்பான்." மடித்துக் காட்டுங்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கதை எனக்கு எதற்கு. எனக்குப் பேச்சுப் போதும். யார் எதற்காகச் சொன்னார்கள் என்று தெரியாத பேச்சு, அதில் தப்பு நேராது. ஆனால் யோகுவின் தலைக்குள்ளும் அப்படித்தான் விரித்த தாளாகவே கிடக்கிறதோ, எல்லாம் இருக்கிறது, முதலில் இது அப்புறம் இது என்று யாரும் மடித்துக் கொடுக்கவில்லையோ.

பக்கத்துப் பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் என் செருப்பைப் பார்க்கிறேன். அவள் மகளுக்குத் தலையில் வெள்ளை மல்லிகை, கண்ணில் மை, கையில் பிளாஸ்டிக் பை. "எந்தத் தெருக்கா?" என்கிறாள். எனக்குச் சொல்ல வருவதற்குள் அவளே அடுத்ததைக் கேட்டுவிட்டாள், "மொதப் பிள்ளையா?" நான் தலையாட்டினேன். "எம் மக வாயைத் திறந்தா மூட மாட்டாக்கா, பால்வாடி டீச்சரே போதும்டி ஆத்தான்னுட்டாக. ஏ பாப்பா, உம் பேரு என்னடா தங்கம்?" யோகுவின் தாடையைத் தொட்டுவிட்டாள். சொல்லிவிடு யோகு, இங்கேயே சொல்லிவிட்டால் உள்ளேயும் வரும். யோகு முந்தானையைச் சுற்றுவதை நிறுத்தினாள். "என் பெயரைக் கேட்காதே! கேட்டவர்கள் உயிரோடு இல்லை!" அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள். அவள் மகள் கிளுகிளு என்று சிரித்தது. "ஆத்தி! பேச்சைப் பாரு. டிவியவே போட்டு விட்டுருவீகளோ?" எங்கள் வீட்டில் டிவி மாமா அறையில் இருக்கிறது, அவர் செய்தி மட்டும்தான் பார்ப்பார், இதைச் சொல்லலாம், இல்லை இது டிவியில்லை காமிக்ஸ் என்று சொல்லலாம், இல்லை சிரித்துவிட்டாவது போகலாம், நான் மூன்றையும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் திரும்பித் தன் மகளுக்குப் பவுடர் போட ஆரம்பித்துவிட்டாள். எப்போதும் இப்படித்தான், எனக்குப் பதில் வரும்போது கேட்டவர்கள் எழுந்து போயிருப்பார்கள். ராத்திரி பாத்திரம் விளக்கும்போது நல்ல நல்ல பதிலாக வரும், கரிச்சட்டியிடம் சொல்லிக்கொள்வேன். யோகுவுக்காவது அந்தக் கஷ்டம் இல்லை. கேட்ட உடனே அவளுக்கு வருகிறது. கேட்டதற்கு வரவில்லை, அவ்வளவுதான். கேட்டதற்கு வராவிட்டால் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வார்கள். பல்பத்தைப் பிடுங்கினால் கட்டடம் சரிகிறது என்று கத்துவாள், பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்கும், அவளுக்கு ஒண்ணுக்கு வந்தால் "நேரம் வந்துவிட்டது" என்பாள், யார் கண்டார்கள் அது ஒண்ணுக்கு என்று, பாவாடை நனைந்து நிற்பாள். விருதுநகரிலும் யார் கண்டார்கள். அங்கே ராத்திரி வெளிச்சம் வரும்வரை என் சிறகுக்குள் இரு என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள், யாரோ ஒரு ஆயா, தூங்கு மூதேவி என்பாள்.

உள்ளே பாட்டு நின்றுவிட்டது. பையனைக் கூட்டிக்கொண்டு அவன் அப்பா வெளியே வருகிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, சேர்த்தாயிற்று. பக்கத்துப் பெண் மகளை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். இனி இடையில் யாரும் இல்லை. யோகுவின் காதில் சொல்கிறேன், உம் பேரு என்ன, யோகஸ்ரீ. அவள் காது சூடாக இருக்கிறது. இதை ஒரு நாளும் அவள் திருப்பிச் சொன்னதில்லை, சுவரில் இல்லாத எதையும் அவள் சொன்னதில்லை, அப்படியென்றால் நான் சொன்னது எதுவும் அவளுக்குள் போகவில்லை, கருஞ்சிறகன் சொன்னதுதான் போயிருக்கிறது, நான் வெறும் ரேடியோ. ஒரு தடவை இவர்கள் கொண்டுவந்த தாளில் கறுப்பு மையே விழவில்லை. மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் இருந்தது, கறுப்பு ஓட்டுவதற்கு முந்தியே எடுத்த தாள் என்றார்கள். அதில் கண்ணுக்கு ஓரம் இல்லை, வாய்க்குக் கோடு இல்லை, பேச்சு வட்டமெல்லாம் வெறும் வெள்ளை. யோகு வழக்கம்போலத் தரையில் விரித்து, ஒரு வட்டத்தில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அடுத்த வட்டத்தில் வைத்தாள். ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம். சாப்பிட்டாயா என்று சொல்லியிருக்கலாம், மழை வரும்போல இருக்கு என்று சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை, யாரும் சிரிக்கப் போவதில்லை. தொண்டையில் அந்தக் கட்டைவிரல். எல்லா வட்டத்தையும் தொட்டு முடித்துவிட்டுத் தாளை மெதுவாகச் சுருட்டி மூலையில் வைத்தாள், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி. அழவில்லை.

"அடுத்தாரு?" என்று ஆயா கூப்பிட்டாள். எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன், யோகுவின் கை என் கைக்குள் ஈரமாக இருந்தது, அது யாருடைய வேர்வையோ. பெரிய டீச்சருக்குக் கண்ணாடி மூக்கு நுனியில். கோபக்காரர் இல்லை, களைத்துப்போனவர், மேஜையில் சாப்பிட்டு மிச்சம் வைத்த பிஸ்கட். எங்களைப் பார்த்ததுமே ஞாபகம் வந்துவிட்டது போல. "வாம்மா. போன வருஷம் வந்தவங்கதானே? இப்ப பேசுறாளா?" நான் தலையாட்டினேன், அது ஆமாம் என்றா இல்லை என்றா எனக்கே தெரியவில்லை. பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து யோகுவிடம் கொடுத்தார், அவள் வாங்கிக்கொண்டாள். "பாப்பா, உன் பேர் என்ன? சொல்லு பாப்போம்." மின்விசிறி கரகர என்று சுற்றியது. யோகு பிஸ்கட்டைக் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள், நிமிர்ந்து நின்றாள். "என் பெயரைக் கேட்காதே! கேட்டவர்கள் உயிரோடு இல்லை!" பெரிய டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் அந்தப் பேனாவையே பார்த்தேன். உருளாமல் அப்படியே கிடந்தது. "அம்மா, நான் சொல்றேன்னு வருத்தப்படாதீங்க, இந்தப் பிள்ளைக்குத் தனியாப் பாத்துச் சொல்லிக் கொடுக்கிற இடம்தான் நல்லது. நான் எழுதித் தாரேன். அப்பா பேர் என்ன?"

அப்பா பேர். யோகுவின் அப்பா பேர். எனக்கு வாய் திறக்கவில்லை. இது கூச்சம் இல்லை, இது வேறு. புருஷன் பேரைப் பொண்டாட்டி சொன்னால் அவருக்கு ஆகாது, அத்தை இன்றைக்கு வரைக்கும் மாமா பேரைச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை, ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்ப்பேன், அவர்கள் புரிந்துகொண்டு சொல்வார்கள். இங்கே பக்கத்தில் யாரும் இல்லை. "என்னம்மா, வீட்டுக்காரர் பேர்கூடவா தெரியாது?" ஆயா வாசலில் நின்று சிரிக்கிறாள், "அது சொல்லாது டீச்சர், பழைய காலத்து ஆளு." அப்போது யோகுவைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிஸ்கட்டைக் கையில் இறுக்கிக்கொண்டு, நன்றாகத் தெரிந்த இடத்தைப் பார்க்கிற பார்வை. எங்கள் வீட்டில் பானைக்கு நேர் மேலே ஒட்டின தாளில் கருஞ்சிறகன் யாரோ ஒரு போலீஸ்காரரிடம் சொல்வான், என் பெயர் வெளியே தெரிந்தால் என் வீட்டார் பிழைக்க மாட்டார்கள். நான்தானே வாசித்தேன். பொழுதன்றைக்கும் வாசித்தேன். எந்தத் தாளிலும் எவனும் கேட்ட உடனே பேரைச் சொன்னதில்லை, முகமூடி போட்டவனெல்லாம் பேரைக் காப்பாற்றத்தான் அவ்வளவு அடி வாங்குகிறான், வீட்டுக்கு வந்தால் அம்மாவும் பேர் சொல்ல மாட்டாள், அப்பத்தாவும் சொல்ல மாட்டாள், கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பேரைச் சொல்லத் தெரியாத பிள்ளை இல்லை இது. பேரைச் சொல்லக் கூடாது என்று இருக்கிற பிள்ளை. ஒரு வருஷமாக அதைத்தான் நான் சீப்பை வைத்துக்கொண்டு சொல்லு சொல்லு என்று வதைத்திருக்கிறேன். இவர்கள் இந்நேரம் மிஷின் பக்கத்தில் நிற்பார்கள், உருளைக்குப் பக்கத்தில் விரல் இருக்கும், கொஞ்சம் கவனம் பிசகினால் போயிற்று. நான் சொன்னால் ஏதாவது ஆகுமா. சொல்லாமல் இருந்தால் திங்கட்கிழமை ஆகும்.

"மாடசாமி" என்றேன். கேட்டதோ என்னவோ என்று இன்னொரு தடவை, "இவ அப்பா பேரு மாடசா—" முடிக்கவில்லை. யோகு பிஸ்கட்டைப் போட்டுவிட்டு என்மேல் பாய்ந்து என் வாயைப் பொத்திவிட்டாள். சர்க்கரைத் தூள் ஒட்டின கை, எட்டாமல் எம்பி எம்பிப் பொத்துகிறாள், கண்ணில் தண்ணீர் முட்டுகிறது.

"சொல்லாதம்மா. அப்பாக்கு அடிபட்டுரும்."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். இது எந்தத் தாளில் இருக்கிறது, கதவுக்குப் பின்னாலா, பானைக்கு மேலேயா, அரிசிக்கு அடியிலா, எல்லாத் தாளையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன், எதிலும் இல்லை, காமிக்ஸில் யாரும் அடிபட்டுரும் என்று பேச மாட்டார்கள். வாயைப் பொத்தின கையை மெதுவாக விலக்கினேன். வெளி ஆட்களுக்கு முன்னால் இவ்வளவு நீளமாக நான் பேசினதே இல்லை, பேசினேன். "அடிபடாதுடா. இது நம்ம டீச்சர். இவுகளுக்குச் சொல்லலாம். வெளிய இருக்கவுகளுக்குத்தான் சொல்லக் கூடாது, இவுக யாருக்கும் சொல்ல மாட்டாக. அம்மா சொல்லிட்டேன்ல, அப்பாக்கு ஒண்ணும் ஆகாது, சாயங்காலம் வந்துருவாக." யோகு என்னைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். வாசலில் நிற்கிற ஆயாவைப் பார்த்தாள். அப்புறம் கருஞ்சிறகன் குரலில், ஆனால் ரொம்ப மெதுவாக, "அப்படியானால் கதவை மூடுங்கள்" என்றாள்.

பெரிய டீச்சர் எழுந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார், ஆயாவை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார், திரும்பி வந்து யோகுவுக்கு முன்னால் குனிந்தார். யோகு அவர் கழுத்தைப் பிடித்து இழுத்துக் காதில் வாயை வைத்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்தேன், டீச்சர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். "சரி" என்றார் அவரும் அதே மாதிரி மெதுவாக, "நான் பத்திரமா வச்சுக்கிறேன்." என்னிடம் திரும்பி, "திங்கக்கிழமை காலையில இங்கயே கூட்டிட்டு வாங்க. ஒண்ணாப்பு. சீருடை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் கும்பிட்டேன். இனி அவள் பேர் அந்த அறையில் ஒருத்தருக்குத் தெரியும், திங்கட்கிழமை இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும், யார் வேண்டுமானாலும் அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.